புது வாழ்க்கை பிடிக்கவில்லை என்று சொல்லலாம்

ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நோய் என்று எதுவும் இருக்காது. ஏதோ ஒன்று மாறியிருக்கும், அவ்வளவுதான். வீடு, வேலை, உடம்பு, பிள்ளைகள் இருக்கும் ஊர். வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "எனக்கு ஒரு குறையும் இல்லை மேடம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ மாதிரி இருக்கு."

அந்த "என்னமோ மாதிரி"க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் சென்னையில் மனநல ஆலோசகராக என் அன்றாட வேலை. மாற்றத்தை ஏற்றுக்கொள், வளர்ச்சி தானாக வரும் என்ற செய்தி தினமும் காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் அது ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறது. புதியதில் கால் ஊன்ற வேண்டுமானால், பழையதில் எது போயிற்று என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல விடாத வீடுகளில்தான் மாற்றம் மனச்சுமையாக உறைந்து போவதைப் பார்க்கிறேன்.

நல்ல மாற்றமும் சுமைதான் என்பதைப் பலர் நம்புவதில்லை. தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-இல் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பழகிக்கொள்ள எவ்வளவு சிரமம் என்று மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. பணி ஓய்வுக்கு 45. கல்யாணத்துக்கு 50! விடுமுறைக்குக்கூட 13 உண்டு. (நம் ஊர்க் கல்யாணத்தைப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பார்கள்.) அந்தப் பட்டியலில் வீடு மாறுவதற்கு வெறும் 20. அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த ஓர் அம்மா. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மகன் ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடியில் வீடு வாங்கி அழைத்துக்கொண்டு போனார். பதினான்காவது மாடி, நல்ல காற்று, லிஃப்ட், சமைக்க ஆள். ஆறு மாதத்தில் அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. "இவ்வளவு வசதி செஞ்சு கொடுத்தும் அம்மா முகத்துல சிரிப்பே இல்ல" என்று மகனுக்கு வருத்தம். மகனுக்கு வருத்தம் என்பதாலேயே அந்த அம்மா வாய் திறக்கவில்லை.

தனியாகப் பேசியபோது என்னென்ன போயிற்று என்று எண்ணச் சொன்னேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வாசலில் நின்றால் பூக்காரம்மா தானாகவே இரண்டு முழம் அளந்து கொடுப்பார். பார்த்தசாரதி கோயில் உற்சவம் வந்தால் சாமியே தெருவுக்கு வருவார், இவர் எங்கும் போக வேண்டாம். கறிவேப்பிலை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்கலாம். இங்கே யாராவது பார்க்க வந்தால் காவலாளி செல்போன் செயலியில் அனுமதி கேட்கிறார். அந்த போன் மருமகள் கையில். "என் பேரு யாருக்கும் தெரியாதும்மா. பதினாலு நாப்பத்திரண்டு ஆன்ட்டின்னு சொல்றாங்க." இதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய ஒரு முக்கியமான விஷயம் உண்டு. அதே அளவு வரவு தரும் சந்தோஷத்தைவிட இழப்பு தரும் வலி பெரிது. அவர்கள் பேசியது பணத்தை வைத்து முடிவெடுப்பதைப் பற்றி. ஆனால் என் அறையில் தினமும் அதைப் பார்க்கிறேன். லிஃப்ட்டும் காற்றும் ஒரு தட்டில், பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதது இன்னொரு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: வாரத்துக்கு ஒருநாள் திருவல்லிக்கேணி போய் வர வேண்டும். மகன் தயங்கினார். பழசையே பிடித்துக்கொண்டிருந்தால் புது இடம் எப்படிப் பழகும் என்று நினைத்தார். நியாயமான பயம்தான். போகட்டும் என்றேன். கொண்டுபோய் விட யாருக்கும் நேரம் இல்லாததால் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். அதுவரை அவர் தனியாக பஸ் ஏறியதே இல்லை. முதலில் கணவர், பிறகு மகன், யாராவது ஒருவர் கூடவே இருந்திருக்கிறார்கள். 2021 மே முதல் மாநகர் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை இவர் அப்போதுதான் அனுபவத்தில் கண்டார். எந்த நிறுத்தத்தில் மாற வேண்டும், எந்த நேரம் கூட்டம் குறைவு என்றெல்லாம் எனக்கே பாடம் எடுத்தார். கொஞ்ச நாளில் பேரனின் பழைய போனை வாங்கி, காவலாளி கேட்கும் அனுமதியைத் தானே கொடுக்கக் கற்றுக்கொண்டார். பழைய தெருவைத் தேடிப் போனவர் வழியில் ஒரு புது ஆளாகிவிட்டார். வளர்ச்சி பெரும்பாலும் இப்படிப் பக்கவாட்டில்தான் வருகிறது. "இன்று முதல் மாற்றத்தை நேசிப்பேன்" என்று தீர்மானம் போட்டு அது வந்து நான் பார்த்ததில்லை.

பணி ஓய்வு கிட்டத்தட்ட அதே கதைதான். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். மாதக் கடைசி நாள் மாலை போட்டு, வீடுவரை காரில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த நாளிலிருந்து சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு, போக இடமில்லாமல் சமையலறையில் வந்து நிற்கிறார், சாம்பாரில் குறை சொல்கிறார். வாக்கிங் போங்கள், கோயிலுக்குப் போங்கள் என்று வீட்டில் விரட்டுகிறார்கள். அவர் இழந்தது சம்பளத்தை அல்ல, ஓய்வூதியம் வருகிறது. "சார், இதுக்கு என்ன விதி?" என்று யாரும் கேட்பதில்லை, அதுதான் அவர் வலி. கீழ் வீட்டில் கணவரை இழந்த ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார். அது பரவி, இப்போது வாரத்தில் இரண்டு மூன்று பேராவது கோப்போடு வருகிறார்கள். திங்கட்கிழமை காலை இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்கிறார். இருக்கட்டும். வருத்தமும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கலாம். பேரிழப்புக்குப் பிறகு வரும் வளர்ச்சியை 1990-களில் ஆராயத் தொடங்கிய டெடெஷ்கி, கால்ஹவுன் இருவரும் இதை வலியுறுத்தினார்கள்: வளர்ச்சி வந்துவிட்டதால் வலி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேலை இழந்த இளைஞர்கள் விஷயத்தில் நான் வேறு மாதிரி பேசுவேன். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் மடிக்கணினிப் பையோடு கிளம்பி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்தவரிடம் போய் "இதை ஒரு வாய்ப்பாகப் பாருங்கள்" என்று சொன்னால் அது கொடுமை. முதலில் மனைவியிடம் சொல்ல வேண்டும். பிறகு கடன் தவணைக்கு வழி. ஊக்கமெல்லாம் அதற்கும் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற அறிவுரை நம் வீடுகளில் யாருக்குப் போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மருமகளுக்கு. அடி, அவமானம், குடி இவையெல்லாம் பழகிக்கொள்ள வேண்டிய மாற்றங்கள் அல்ல. அங்கே மாற வேண்டியது வேறு ஆள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதச் சொல்வேன்: போனது, மிச்சமிருப்பது, இன்னும் தெரியாதது. மூன்றாவதைப் பலர் காலியாக விடுவார்கள், அதை நிரப்ப அவசரம் வேண்டாம். பிறகு ஒரே ஒரு சின்னக் காரியம், தினமும் அதே நேரத்தில். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18-லிருந்து 254 வரை. 21 நாளில் எல்லாம் பழகிவிடும் என்று சொல்கிறவர்களிடம் ஏமாற வேண்டாம். நடுவில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஊருக்கே நாள் பிடிக்கிறது. 2002-இல் வெளியூர் பஸ்கள் பாரிமுனையை விட்டு கோயம்பேட்டுக்குப் போனபோது "அவ்வளவு தூரமா" என்று அலுத்துக்கொண்டவர்களே, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் கோயம்பேட்டைப் பூர்வீக வீடு மாதிரி பேசினார்கள்.

பொதுவாக, இப்படிப்பட்ட மனச்சோர்வு மாற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் தலைகாட்டி, சூழ்நிலை நிலைப்பட்ட பிறகு ஆறு மாதத்துக்குள் தணியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், குடி கூடினால், காத்திருக்காதீர்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் எண் 14416, எல்லா நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல்முறை வரும்போது வீட்டில் ஒருவர் துணைக்கு வருவது நல்லது. ஆனால் உள்ளே பேசும்போது அவர் கொஞ்ச நேரம் வெளியே உட்காரட்டும். மகன் பக்கத்தில் இருந்தால் அம்மாக்கள் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.