மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஓடும் பையன் யாருடையவன்?

நாகர்கோவிலில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ரன்னர் கேம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஒரு பையன் ஓடுகிறான். மூன்று தடம். விரலை மேலே இழுத்தால் தாவுவான், கீழே இழுத்தால் சறுக்குவான், வழியெல்லாம் காசு. இதுவரை யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஓடுவதும் தாவுவதும் காசு பொறுக்குவதும் ஆட்டத்தின் விதி. விதிக்குப் பதிப்புரிமை கிடையாது. அதே பையன் கையில் ஸ்பிரே பெயின்ட்டோடு ரயில் பெட்டிகள் மேல் ஓட, பின்னால் காவலாளியும் நாயும் துரத்தினால், அது ‘சப்வே சர்ஃபர்ஸ்’ ஆகிவிடும்.

நம் ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு, வெட்டும் முறை எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் வரைந்த புலி, போட்ட இசை, எழுதிய நிரல், மூன்றும் அவருடையவை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. கரு பொது, அதைச் சொன்ன விதம்தான் சொத்து என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கரு எங்கே முடிகிறது, விதம் எங்கே தொடங்குகிறது? இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘மினோ’ என்ற ஐபோன் கேமைச் செய்தவர்கள் சட்டத்தைப் படித்துவிட்டு, விதியை மட்டும் எடுப்பதாக நினைத்துக்கொண்டுதான், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸைப் பிரதி எடுத்தார்கள். 2012இல் நியூஜெர்சி நீதிமன்றம் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அகலம் 10 கட்டம், உயரம் 20 கட்டம். கட்டை எங்கே விழும் என்று காட்டும் நிழல், உட்கார்ந்ததும் மாறும் நிறம், அடுத்த கட்டையின் முன்காட்சி, எல்லாம் அப்படியே. கட்டை விழுவதும் வரிசை நிறைந்தால் மறைவதும் விதி. கட்டத்தின் அளவு 10-க்கு 20 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. வேறு வழி இருந்தும் அதையே எடுத்தாய் என்பதுதான் தீர்ப்பின் சாரம். மினோ தோற்றது.

வேறு வழியே இல்லாத இடத்தில் கதை தலைகீழ். கராத்தே கேம் என்றால் நடுவர் இருப்பார், வீரர்கள் குனிந்து வணங்குவார்கள். அவற்றை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1988இல் டேட்டா ஈஸ்ட் தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

பெயர் தனி வம்பு. கொல்கத்தா சகோதரர்கள் செய்த ‘ஸ்க்ராபுலஸ்’ என்ற இணையச் சொல்லாட்டத்தின் மீது ஸ்க்ராபிள் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை இல்லை என்றது 2008ஆம் ஆண்டு உத்தரவு. ஆனால் பெயர் வர்த்தக முத்திரையைத் தொட்டது. அது ‘லெக்சுலஸ்’ ஆனது. இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு ஐகானிலும் தலைப்பிலும் மாட்டிக்கொள்வது வயிற்றெரிச்சல்தான்.

பேட்டன்ட் இன்னொரு பாதை. ‘பால்வேர்ல்ட்’ என்ற கேம் 2024 ஜனவரியில் வந்ததும் போக்கிமான் நகல் என்று ஊரே பேசியது. செப்டம்பரில் நிண்டெண்டோவும் போக்கிமான் நிறுவனமும் டோக்கியோவில் வழக்குப் போட்டபோது பதிப்புரிமையைத் தொடவே இல்லை. உருண்டையை எறிந்து பிராணியைப் பிடிப்பது போன்ற செயல்முறைகளுக்கான 3 பேட்டன்ட்களைக் காட்டினார்கள். இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு, ஆட்டம் ஆடும் முறைக்குப் பேட்டன்ட் தராது. ஆனால் நாகர்கோவிலில் செய்த கேமை ஜப்பானில் விற்றால் ஜப்பான் சட்டம்தான் பேசும்.

இனி பின்னணிக்கு வருவோம். குமரியில் கேம் எடுப்பவர்கள் திருவள்ளுவர் சிலையை விடமாட்டார்கள். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தை வரையலாம், படம் எடுக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முப்பரிமாண மாடல் அந்தப் பட்டியலில் இல்லை. கணபதி ஸ்தபதி செதுக்கிய அந்தச் சிலை திறக்கப்பட்டது 2000இல்தான், பதிப்புரிமையின் 60 ஆண்டுக் காலம் முடியவில்லை. தூரத்தில் 2டி ஓவியமாக வைப்பது பாதுகாப்பு.

உண்மையில் அதிகம் சிக்குவது இங்கே எதிலும் இல்லை. மலிவாக வாங்கிய டெம்ப்ளேட்டில், அதாவது யாரோ பாதி செய்துவைத்த கேமில். மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து நானூறு ரூபாய்க்கு ஒரு சோர்ஸ் கோடு வாங்கினால், உள்ளே வேறு கேமிலிருந்து உருவிய ஓசையும் மாடலும் இருக்கலாம். விற்றவர் காணாமல் போவார், புகார் உங்கள் கணக்குக்கு வரும். ஆகவே வாங்கியதும் ஆடியோ கோப்புகளைத் தனியாகப் போட்டுக் கேளுங்கள், மாடல்மேல் போர்த்தும் டெக்ஸ்சர் படங்களை இமேஜ் சர்ச்சில் போடுங்கள், உரிமக் கோப்பு இல்லாத எதையும் கழற்றி எறியுங்கள்.

முறையான புகார் வந்தால், இந்திய விதிகளின்படி இணைய இடைநிலையாளர், அதாவது ஆட்டத்தை வைத்திருக்கும் ஆப் ஸ்டோர் போன்ற தளம், 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்தி வைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். ஓணம் விடுமுறையைக் குறிவைத்து வெளியிட்ட ஆட்டத்துக்கு 21 நாள் என்பது முழு சீசன். அப்போது கைகொடுப்பவை, நிரல் எப்போது எப்படி மாறியது என்று பதிந்து வைக்கும் கிட் (Git) வரலாறு, தேதியிட்ட ஸ்கெட்ச்கள், முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் மூலக் கோப்புகள், வாங்கிய ரசீது. இவற்றை வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் போட்டு வையுங்கள்.