சாவி நான்கு, கையெழுத்து ஒன்று

வாடகைத் தகராறுகளில் சமரசம் பேசுவது என் வக்கீல் தொழிலில் பாதி. அதற்காக வரும் இருபது வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் நாற்காலியில் உட்காருவார்கள். "மேடம், என் பங்கை ஒரு மாசம்கூட விடாம கட்டியிருக்கேன்." பேங்க் ஸ்டேட்மெண்டைக் கையோடு கொண்டு வந்திருப்பார்கள். சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். அந்த உண்மை அவர்களைக் காப்பாற்றாது என்பதை எடுத்துச் சொல்வது என் வேலை. அந்த வேலை எனக்கு இன்றுவரை பழகவில்லை.

அப்படி வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. நான்கு தோழிகள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தார்கள். அக்ரிமெண்ட் போடும் நாளில் மற்ற மூவருக்கும் வர முடியவில்லை. இவர் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்கு சாவிகளை வாங்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஏழாவது மாதம் ஒருத்திக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகிற அவசரத்தில் தன் இடத்துக்குத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போனார். புதியவர் இரண்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு "அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரங்கள் சேர்ந்து மூன்று மாதப் பாக்கியானது. மற்ற இருவரும் தங்கள் பங்குக்கு மேல் ஒரு காசு தர மாட்டோம் என்றார்கள். வீட்டு உரிமையாளர் அனுப்பிய நோட்டீஸில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"அவ பாக்கிக்கு நான் எப்படி மேடம் பொறுப்பு?"

'பங்கு' என்பது உங்களுக்குள் பேசிக்கொண்ட ஏற்பாடு. உரிமையாளரின் கணக்கில் பங்கு கிடையாது, வாடகை மட்டும்தான் உண்டு. தனியாகக் கையெழுத்துப் போட்டால் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் உங்கள் விருந்தாளிகள், அல்லது உங்களிடம் உள்வாடகைக்கு இருப்பவர்கள். சரி, நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தால் ஆளுக்குக் கால் பங்கு பொறுப்பு என்றுதானே நினைப்பீர்கள்? அதுவும் இல்லை. பெரும்பாலான கூட்டு ஒப்பந்தங்களில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று ஒரு சொற்றொடர் ஒளிந்திருக்கும். நால்வரில் யாரை வேண்டுமானாலும் பிடித்து முழுத் தொகையையும் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது அதன் பொருள். பொதுவாக யாரிடம் நிலையான சம்பளம் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். கட்டியவர் பிறகு மற்ற மூவரிடமும் அவரவர் பங்கைக் கேட்டு வழக்குப் போடலாம், கையில் ஆதாரம் இருந்தால். சில இடங்களில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் போடுவார்கள். அங்கே உங்கள் அறை வாடகையோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். அப்படிக் கேட்டவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

'எனக்குப் பதிலா ஒரு ஆள் வர்றாங்க' என்ற வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. உரிமையாளர் சம்மதித்து, பழையவர் பெயரை நீக்கி, புதியவர் பெயரைச் சேர்த்தால் அது ஆள்மாற்றம். பழையவர் அதோடு விடுபடுகிறார். பெயர் அப்படியே இருக்க ஆள் மட்டும் மாறினால் அது உள்வாடகை. அங்கே போனவர் போகவே இல்லை. ஐந்நூறு மைல் தள்ளி இருந்தாலும் சுவரில் விழும் ஓட்டைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். என் கட்சிக்காரரின் தோழியோ எந்தக் காகிதத்திலும் இல்லாதவர். அதனால் அவர் கொண்டுவந்த ஆளின் சுமையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவரின் தலையிலேயே இறங்கியது.

உள்வாடகைக்கு ஒருவரை வைத்த நிமிடமே நீங்களும் ஒரு வீட்டு உரிமையாளர்தான், வீடு இல்லாத உரிமையாளர். வாடகை வசூலிப்பது, ரிப்பேர் புகாரைக் கேட்பது, காலி செய்யச் சொல்வது எல்லாம் உங்கள் வேலை. உரிமையாளருக்கும் அந்தப் புதியவருக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லாததால், பாக்கிக்கு அவர் உங்களிடம்தான் வருவார். சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விட்டிருந்தால் அதையே காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். "ஓனர்கிட்ட போன்ல சொன்னோம், சரின்னாரு" என்பதெல்லாம் சண்டை வராதவரைதான் செல்லும்.

நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்ட அடுத்த கேள்வி: "அவ வெளிய போயிருக்கிறப்போ பூட்டை மாத்திடலாமா?" கூடாது. பணம் தராதவராகவே இருந்தாலும், குடியிருப்பவரைப் பூட்டை மாற்றியோ, பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தோ, மின்சாரத்தை நிறுத்தியோ விரட்டுவது பல நாடுகளில் சட்டவிரோதம். அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்திருக்கும். அந்த ஒரு மாலையில் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். எழுத்தில் கெடு கொடுத்து, கெடு தாண்டினால் உரிய மன்றத்துக்குப் போக வேண்டியதுதான். மெதுவான வழி என்று எனக்கும் தெரியும்.

இப்போது எதிர்ப்பக்கம். நீங்களே உள்வாடகைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு இடம் தருபவரிடம் எவ்வளவு உரிமை இருக்கிறதோ அதற்கு மேல் உங்களுக்கு வராது. அவருடைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது என்றால், ஜூன் வரை தருகிறேன் என்று அவர் சொல்வதற்கு மதிப்பில்லை. ஆகவே மூல ஒப்பந்தத்தைக் கண்ணால் பாருங்கள். அதில் இருக்கும் பெயரும் உங்கள் முன் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரே அறையைக் காட்டிப் பல பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, குடிபோகும் நாளில் போனை அணைத்துவிடுபவர்கள் உண்டு. சில நாள் வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு என்று காட்டி ஏமாற்றுவதும் உண்டு. "இன்னைக்கே அனுப்பினா அறை உங்களுக்கு, இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த இரண்டு பேருக்கே விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. போகிறவர் தன் பங்கை வருகிறவரிடமே வாங்கிக்கொண்டு போய்விடுவார். கணக்கு நேராகத் தெரியும், ஆனால் அறையில் அதுவரை நடந்த சேதமெல்லாம் வருகிறவர் தலையில் விழும். ஆள் மாறும் நாளில் பத்து நிமிடம் செலவழித்து சுவர், குழாய், மெத்தை, ஜன்னல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், பின்னால் எனக்கு வரும் ஃபீஸ் மிச்சம்.

வெளியேறுகிறவர்களுக்கு ஒன்று. கூட்டாகக் கையெழுத்துப் போட்ட வீட்டில் ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். காலக்கெடு முடிந்து மாதத்துக்கு மாதம் ஓடும் கூட்டு வாடகையில், ஒருவர் முறைப்படி கொடுக்கும் நோட்டீஸே எல்லோருடைய வாடகை உரிமையையும் முடித்துவிடும் என்று அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1991இல் தீர்ப்பளித்தது. மற்றவர்களிடம் சொல்லாமல் நோட்டீஸை நீட்டினால் தூங்கிக்கொண்டிருக்கும் ரூம்மேட்டின் கூரையையும் சேர்த்துப் பிரித்துவிடலாம் என்று அர்த்தம்.

பெரிய அறைக்கு யார், எவ்வளவு என்ற சண்டைக்குக் கணிதத்தில் ஒரு வழி உண்டு. இம்மானுவேல் ஸ்பெர்னர் என்ற ஜெர்மானியர் 1928இல் நிறுவிய ஒரு துணைத்தேற்றத்தை வைத்து, ஃபிரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். சில நியாயமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒவ்வொருவரும் வெவ்வேறு அறையை விரும்பும்படி வாடகையைப் பிரிக்க முடியும் என்பது அதன் சாரம். வீட்டில் அதை எளிமையாகச் செய்யலாம். மொத்த வாடகையை அறைகளுக்கு உத்தேசமாகப் பிரித்து, இந்த விலைக்கு எந்த அறை வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இருவர் ஒரே அறையை எழுதினால் அதன் விலையைக் கொஞ்சம் ஏற்றி, யாரும் கேட்காத அறையில் அதைக் குறையுங்கள். மோதல் தீரும்வரை திரும்பச் செய்யுங்கள். நான் பார்த்தவரை மூன்று நான்கு சுற்றில் முடிந்துவிடுகிறது.

வீட்டு வேலைக்கு அப்படியொரு தேற்றம் கிடையாது. சமரச அறையில் நான் செய்யும் ஒரு சின்ன வித்தை மட்டும் உண்டு. வீட்டு வேலையில் எத்தனை சதவீதம் நீங்கள் செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் காகிதத்தில் எழுதச் சொல்லிக் கூட்டிப் பார்ப்பேன். நூறுக்குள் அடங்கி நான் பார்த்ததில்லை. யாரும் பொய் சொல்வதில்லை. உளவியலாளர்கள் மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் தம்பதிகளிடமும் இதையே கண்டார்கள். தான் குப்பையை எடுத்துப் போட்டது நினைவில் நிற்கிறது, அடுத்தவர் போட்டதைப் பார்க்கவே இல்லை. கூட்டுத்தொகையைப் பார்த்ததும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு சுலபம்.

விருந்தாளி விஷயத்தில் இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் கதை அடிக்கடி நடக்கிறது. வார இறுதிக்கு வரும் நண்பர் அல்லது காதலர் மெல்ல வாரம் முழுக்கத் தங்குவார், பிறகு அவருக்கு ஒரு சாவி, பிறகு அவர் பெயருக்குக் கூரியர். ஒரு கட்டத்தில் அவரும் குடியிருப்பவர்தான் என்று வாதாட இடம் வந்துவிடும். மாதத்தில் எத்தனை இரவு என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். இன்டர்நெட் கனெக்‌ஷன் உங்கள் பெயரில் இருந்தால் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். அந்த இணைப்பில் யாராவது குற்றம் செய்தால் விசாரணை முதலில் தட்டுவது பில்லில் பெயர் இருப்பவரின் கதவைத்தான்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் உடனே வரும் பதில்: "ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எப்படி மேடம், தப்பா நினைப்பாங்க." எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியவர்கள் சொன்னது கடன்காரர்களுக்கு மட்டுமல்ல. அந்நியர்களிடம் எழுதி வாங்கிவிடுகிறோம், நண்பர்களிடம்தான் கூச்சப்பட்டு மாட்டிக்கொள்கிறோம். முத்திரைத்தாள்கூட வேண்டாம். யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், போவதற்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், புதிய ஆளுக்கு யார் யார் சம்மதம் வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் தெளிவாகப் போட்டு, எல்லோரும் "சம்மதம்" என்று பதில் எழுதினாலும் அது ஆதாரம்தான். கட்டை விரல் எமோஜிகூடச் சும்மா இல்லை. 2023இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண நீதிமன்றம் ஒன்று, ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்கு விவசாயி அனுப்பிய கட்டை விரல் எமோஜியைக் கையெழுத்தாகவே ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெண்ணின் விவகாரம் மூன்று அமர்வுகளில் முடிந்தது. ஊர் மாறிப்போன தோழி ஒரு மாதப் பாக்கியை ஏற்றுக்கொண்டார். உள்வாடகைக்கு வந்தவர் ஒரு மாதத்தைத் தவணையில் தருவதாக எழுதிக்கொடுத்துக் காலி செய்தார். மீதி ஒரு மாதத்தைக் கட்சிக்காரரே சுமந்தார். உரிமையாளர் நல்லவர், மிச்சம் இருந்த மூவரின் பெயரிலும் புது ஒப்பந்தம் போடச் சம்மதித்தார்.

கையெழுத்து முடிந்ததும் சாவிகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். உரிமையாளர் கொடுத்தது நான்கு. காலி செய்தவர் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்து மேஜையில் ஐந்து கிடந்தது. ஐந்தாவதை யார் டூப்ளிகேட் போட்டார்கள், வெளியே இன்னும் எத்தனை சுற்றிக்கொண்டிருக்கிறது என்று மூவருக்குமே தெரியவில்லை.

"இப்பவாவது பூட்டை மாத்தலாமா மேடம்?"

தாராளமாக மாற்றுங்கள் என்றேன், உரிமையாளரிடம் எழுதிக் கேட்டுவிட்டு. எதிரே உட்கார்ந்திருந்த அவருக்கு அந்த இடத்திலேயே மெசேஜ் போட்டார் அந்தப் பெண்.