டி.ஆர்.பி. பார்த்துக் காசின் வயதைச் சொல்லலாம்

பழைய ரோமானியத் தங்கக் காசு கைக்கு வந்தால், முகத்தைப் பார்க்கும் முன் தராசில் வைத்துவிடுவது நல்லது. அகஸ்டஸ் காலத்து அவுரியஸ் காசு ஏறத்தாழ 7.9 கிராம், நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பவுன். கி.பி. 64 வாக்கில் நீரோ அதை 7.3 கிராமுக்கு இறக்கினார். பின்னாளில் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் 4.5 கிராம்தான். எந்தக் காலத்துக் காசு என்பதில் பாதியை எடையே சொல்லிவிடும்.

மீதிப் பாதி விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகளில் இருக்கிறது. இடம் போதாததால் எல்லாமே சுருக்கம். பி.எம். என்றால் தலைமைப் பூசாரி. அடுத்து வரும் டி.ஆர்.பி.தான் முக்கியம் (தொலைக்காட்சி டி.ஆர்.பி. இல்லை!). பொதுமக்களின் பிரதிநிதியான ட்ரிப்யூனுக்கு உரிய அதிகாரத்தை அது குறிக்கும். பேரரசர்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டார்கள், எண்ணிக்கையைக் காசிலும் போட்டார்கள். கிளாடியஸ் கி.பி. 41 ஜனவரியில் பதவிக்கு வந்தார். அவர் காசில் டி.ஆர்.பி. 6 என்று இருந்தால், அது 46–47இல் அடித்தது. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஆண்டு வெளிவந்த அவரது அவுரியஸ் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு வெற்றி வளைவு, உச்சியில் குதிரை வீரன், ‘பிரிட்டன்காரர்களை வென்றதற்காக’ என்ற பொருளில் இரண்டு சொற்கள். படையெடுப்பு நடந்தது 43இல். ஆனால் ரோமில் எழுந்த வளைவின் கல்வெட்டு 51–52ஐச் சேர்ந்தது! கட்டிடம் முடியும் முன்பே போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. காசில் இருக்கும் படத்தை நேரில் பார்த்து வரைந்தது என்று நம்பிவிடக் கூடாது.

பின்பக்க உருவங்களைக் கையில் இருக்கும் பொருளை வைத்தே அடையாளம் காண வேண்டும். வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி என்கிறோம் அல்லவா, அதே கதைதான். சிறகும் மாலையும் இருந்தால் வெற்றித் தெய்வம் விக்டோரியா. பாம்புக்கு உணவூட்டினால் நலத்தெய்வம் சாலுஸ். தராசு பிடித்திருந்தால் நேர்மையின் தெய்வம் ஈக்விடாஸ். முன்பக்கத்தில் தாடியும் ஒரு துப்பு. தாடியை வழக்கமாகவே வைத்துக்கொண்ட முதல் பேரரசர் ஹாட்ரியன் (117–138).

எல்லாக் காசும் இப்படி வாய் திறக்காது. டைபீரியஸின் காசில் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருப்பாள். அமைதித் தெய்வம் என்பார் சிலர், அவருடைய தாய் லிவியா என்பார் சிலர். ஆட்சிக் காலம் நெடுகிலும் இதே படத்தைத் திரும்பத் திரும்ப அடித்ததால், ஆண்டைப் பிடிப்பது கஷ்டம்.

இந்த வகை தென்னிந்தியாவில் நிறையவே கிடைக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 தங்கக் காசுகள் கொண்ட புதையல் ஒன்று வெளிப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! இது காசாகச் செல்லாது, இனி வெறும் தங்கம்தான் என்று காட்டப் போட்ட அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ரோமில் பட்டங்களைச் சுமந்து திரிந்த அந்த முகத்துக்கு இங்கே எடை மட்டும்தான் மதிப்பு.