டெர்மினல் எமுலேட்டர்: முனைய நிகரி

லினக்ஸில் கட்டளை தட்டும் சாளரத்தை எல்லாரும் டெர்மினல் என்றே சொல்கிறோம். அதன் முழுப்பெயர் டெர்மினல் எமுலேட்டர். பின்பாதியை விழுங்கிவிடுகிறோம். ஆனால் அந்த மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்பது பின்பாதியில்தான் இருக்கிறது.

முன்பாதி எளிது. லத்தீனில் டெர்மினஸ் என்றால் எல்லை, முடிவு. கணினி ஓரிடத்தில் இருக்க, அதிலிருந்து நீண்ட கம்பியின் கடைசியில் ஆள் உட்கார்ந்து தட்டிய கருவிக்கு டெர்மினல் என்று பெயர். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33, விநாடிக்கு 10 எழுத்து வீதம் காகிதத்தில் அச்சடித்தது. லினக்ஸில் இன்றும் இருக்கும் 'டிடிஒய்' என்ற கட்டளைப் பெயர் டெலிடைப்பின் சுருக்கம்தான். பிறகு காகிதம் போய்த் திரை வந்தது. 1978இல் டெக் என்ற கணினி நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற டெர்மினல், 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் காட்டியது. தமிழில் இதற்கு முனையம் என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது.

எமுலேட்டருக்குத்தான் ஒரு முடிவு வரவில்லை. மூலம் 'ஏமுலாரி' என்ற லத்தீன் வினை: ஒருவனுக்கு ஈடாக நிற்க முயல்வது, போட்டி போடுவது. கணினித் துறையில் 1960களில் ஐபிஎம் இதைக் கையில் எடுத்தது. பழைய கணினிக்கு எழுதிய நிரல்கள் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360இல் அப்படியே ஓட வேண்டும். அதற்காகச் செய்த ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர். ஆகவே தோற்றத்தில் ஒத்திருப்பது போதாது. அந்தக் கருவியின் இடத்தில் நின்று அதன் வேலையைப் பார்க்க வேண்டும்.

நம் சாளரம் செய்வது இதுதான். ஒரு நிரல் எஸ்கேப் குறியை அனுப்பி, அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, 31, எம் என்று அனுப்பினால், பின்வரும் எழுத்துகள் சிவப்பாகின்றன. எஸ்கேப்பில் தொடங்கும் இப்படிப்பட்ட தொடர்களைத்தான் விடி100 கம்பிவழியே வாங்கிக்கொண்டது. எதிரே இருப்பது வன்பொருளா மென்பொருளா என்று நிரல் கவலைப்படுவதில்லை.

தமிழுக்கு வருவோம். 'போலி' என்பது ஆசையைத் தூண்டும் சொல். இலக்கணத்தில் அறம் என்பது அறன் என நின்றாலும் பொருள் மாறாது, அது கடைப்போலி. எமுலேட்டர் செய்வதும் அதே வேலை. ஆனாலும் 'முனையப் போலி' என்று எழுதினால் கள்ளச்சரக்கு என்றுதான் படிப்பார்கள். பாவனை செய்வது என்ற பொருளில் 'பாவிப்பி' என்று ஆக்கினால் இலங்கைத் தமிழில் பாவித்தல் என்பது பயன்படுத்துவதைக் குறிக்கும். என் தேர்வு நிகரி. 'அவனுக்கு நிகர் யாருமில்லை' என்னும்போது ஒப்புமையும் வருகிறது, போட்டியும் வருகிறது. லத்தீன் வினையில் இருப்பவையும் இந்த இரண்டும்தான். மெய்நிகர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் காதுக்கும் புதிதில்லை.

அப்புறம், இந்த நிகரிகளைப் பற்றிப் பேசும்போது வரும் வேறு சில சொற்கள். முதலில் 'லைட்வெயிட்'. இலகுவான என்றால் போதும். சக்லெஸ் என்ற நிரலாளர் குழுவின் எஸ்டி என்ற முனைய நிகரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேலே ஓடிப்போன வரிகளைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதிகூட அதில் இல்லை. வேண்டுமானால் மூலநிரலை மாற்றும் திருத்தக்கோப்பு (பேட்ச்) சேர்க்கலாம், அல்லது அந்த வசதி உள்ள டிமக்ஸ் என்ற நிரலை உள்ளே ஓட்டலாம். விடி100இலும் அந்த வசதி கிடையாது என்பதால், இதை நான் குறையாக எண்ணவில்லை.

இன்ஸ்டாலுக்கு நிறுவுதல் அருமையான சொல். நிற்கச் செய்வது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. கஸ்டமைஸ் என்பதற்குத் தனிப்பயனாக்கம் என்கிறார்கள். எஸ்டி விஷயத்தில் 'திருத்தி அமைத்தல்' இன்னும் பொருந்தும், ஏனென்றால் அமைப்பே சி மொழி மூலநிரலில் இருக்கிறது. முதல்முறை, மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் 'மேக்' கட்டளையைக் கொடுத்ததும் கான்ஃபிக்.டெஃப்.ஹெச் கோப்பு கான்ஃபிக்.ஹெச் என்று நகலாகும். எழுத்துரு, அளவு, நிறம் எல்லாவற்றையும் அந்த நகலில்தான் மாற்ற வேண்டும். முதல் கோப்பில் மாற்றினால், நகல் இருக்கும்வரை பலன் தெரியாது. மாற்றிய பின், நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன் 'மேக் கிளீன் இன்ஸ்டால்' கொடுத்தால் சரி.

எஸ்டி தான் எந்த வகை முனையம் என்பதை, டெர்ம் என்ற மாறியின் வழியே, எஸ்டி-256கலர் என்று நிரல்களுக்கு அறிவிக்கும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய்ச் சேரும் கணினியில், முனையங்களின் இயல்புகளைச் சொல்லும் டெர்ம்இன்ஃபோ தொகுப்பில் அந்தப் பெயருக்கான விவரம் இல்லாவிட்டால், சில நிரல்கள் அறியாத முனையம் என்று நின்றுவிடும். அங்கே அந்த டெர்ம் மாறியில் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடிவிடும்.