இ-வே பில் ஓ.டி.பி. யாருடைய போனுக்கு வர வேண்டும்?

நவராத்திரி நெருங்கினால் வடக்கே ஜவ்வரிசிக்குக் கிராக்கி ஏறிவிடும். 2025இல் அப்படி ஒரு ராத்திரி, ஆத்தூர்ப் பக்கம் நான் கணக்கு பார்க்கும் மில்லில் மகாராஷ்டிரா லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் டீ குடித்தும் ஆயிற்று. சரக்கோடு லாரியில் போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டான இ-வே பில் மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் ஓ.டி.பி. கேட்கிறது. அது போவதோ முதலாளியின் போனுக்கு. முதலாளி திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண வரவேற்பில், போன் காரில். லாரி கிளம்பும்போது மணி பதினொன்றரை.

மறுநாள் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த ஓ.டி.பி. தொல்லையை எடுத்துவிட முடியாதுங்களா?"

முடியாது. இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் நுழைய பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். ஆண்டு விற்றுமுதல் 20 கோடிக்கு மேல் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல், 5 கோடிக்கு மேல் பிப்ரவரி 1 முதல், மற்ற எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதல். வெளிமாநில லோடு 50,000 ரூபாயைத் தாண்டினாலே இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம். ஆக, சேலம் லீ பஜாரில் சின்னக் கடை வைத்திருப்பவரும் இதற்குள் வந்துவிடுகிறார்.

தொல்லை ஓ.டி.பி.யில் இல்லை. முதலாளி, கணக்குப்பிள்ளை, லோடு அனுப்பும் பையன் என மூன்று பேர் ஒரே ஐ.டி.யில் நுழைவதில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். யார் போட்ட பில், யார் ரத்து செய்தது என்று பிறகு கேட்டால் எவருக்கும் தெரியாது.

இதற்குத் தளத்திலேயே 'சப்-யூசர்' வசதி உண்டு. முதன்மை ஐ.டி.யில் நுழைந்து, பயனர் மேலாண்மைப் பகுதியில் அந்தப் பையனின் செல் நம்பரைக் கொடுத்தால் அதற்கு ஓர் ஓ.டி.பி. வரும். உறுதி செய்துவிட்டு, அவருக்கென்று ஒரு ஐ.டி. உருவாக்கலாம். என்னென்ன வேலை செய்யலாம் என்பதையும் நீங்களே டிக் அடித்துக் கொடுக்கலாம். அவர் நுழையும்போது ஓ.டி.பி. அவர் போனுக்கே போகும், முதலாளி நிம்மதியாகப் பந்தியில் உட்காரலாம். ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அந்த ஐ.டி.யை முடக்கிவிடுங்கள். அதற்கும் அங்கேயே வழி இருக்கிறது. அந்த மில்லில் தீபாவளியோடு பையன் நின்றுவிட்டார், ஐ.டி. பொங்கல் வரை உயிரோடு இருந்தது. அதில் நானும் குற்றவாளிதான்.

ஏற்காட்டில் வேறு சங்கடம். ஆபீசில் வைஃபை இருக்கும், செல் டவர் எடுக்காது. எஸ்.எம்.எஸ். எப்படி வரும்? அதற்குத்தான் என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு என்ற ஆப். இன்டர்நெட்டோ சிக்னலோ இல்லாமலே 30 விநாடிக்கு ஒருமுறை புது ஓ.டி.பி. எண் காட்டும். இ-வே பில் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், யாரோ அனுப்பிய லிங்க் வேண்டாம். போனில் நேரம் முன்னே பின்னே இருந்தால் எண் ஒத்துப்போகாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழைய வியாதி: ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துக் கொடுத்தவர் தன் செல் நம்பரையும் இமெயிலையுமே போட்டுவிட்டிருப்பார். அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் கடையின் சாவி அவர் பையில். அவரிடம் கெஞ்ச வேண்டாம். உங்கள் சரகத்தின் வரி அதிகாரியிடம் தொழில் ஆவணங்களோடு போனால், சரிபார்த்து நம்பரையும் இமெயிலையும் மாற்றித் தருவார். புது இமெயிலுக்குத் தற்காலிக பாஸ்வேர்டு வரும். 2018இலேயே வந்துவிட்ட வழி இது. இன்னும் பலருக்குத் தெரியாதது எனக்கு ஆச்சரியம்தான்.

கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ இருந்தால் டிஜிட்டல் சிக்னேச்சர் வேறு இருக்கும். பென்டிரைவ் போன்ற அந்த டோக்கன் பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கரோடு தூங்கும். அது உங்கள் கையெழுத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அதைக் கைவசம் பத்திரமாக வைப்பது உங்கள் பொறுப்பு. கைமாறியது தெரிந்தால், சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்குச் சொல்லும் வரை வரும் வினைக்கும் நீங்களே ஜவாப்தாரி. பிறர் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்தால், 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. இது கம்பெனிகளுக்கும் பொருந்தும்.

அடுத்து வருவது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் 2023இலேயே வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. வைத்திருக்கும் விவரங்களுக்குத் தக்க பாதுகாப்பு வேண்டும், கசிந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். மில்லில் இதைச் சொன்னபோது முதலாளி தன் போன் கேலரியைத் திறந்து காட்டினார். லோடுமேன்கள் எல்லோருடைய ஆதார் போட்டோவும், பேத்தி பிறந்தநாள் படங்களுக்கு நடுவே.