சூழ்நிலம்: ‘மேட்ரிக்ஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு தமிழ்

துண்டு துண்டாகிப் போன காடுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மூன்று சொற்கள் தவறாமல் தேவைப்படும். மிஞ்சி நிற்கும் காட்டுக்கு ஒன்று, அவற்றை இணைக்கும் பாதைக்கு ஒன்று, இவை இரண்டையும் சுற்றிக் கிடக்கும் மற்ற நிலத்துக்கு ஒன்று. முதலாவதற்குத் ‘திட்டு’ இருக்கிறது. இரண்டாவதற்கு ‘வழித்தடம்’, யானை வழித்தடம் என்றால் இன்று எல்லோருக்கும் புரிகிறது. மூன்றாவதற்கு வரும்போதுதான் ‘மேட்ரிக்ஸ்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி நகர்ந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு திட்டில் எந்தப் பறவை தங்கும், எது போய்விடும் என்பதில் பாதிக் கதை அந்த மூன்றாவது நிலத்தில்தான் இருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘மாத்தேர்’ என்றால் தாய். அதிலிருந்து பிறந்த ‘மாத்ரிக்ஸ்’ முதலில் ஈனும் விலங்கையும், பிறகு கருப்பையையும் குறித்தது. ஒன்றைத் தனக்குள் பொதிந்து வைத்திருப்பது என்ற பொருள் அங்கிருந்து வந்ததுதான். மணிக்கல்லோ புதைபடிவமோ பதிந்திருக்கும் பாறையைப் புவியியலில் அப்படித்தான் சொல்கிறார்கள். 1850-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜேம்ஸ் ஜோசஃப் சில்வெஸ்டர் இந்தச் சொல்லைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். நம் பள்ளிப் புத்தகங்களில் அது ‘அணி’ ஆனது. வரிசையாக நிற்கும் எண்களுக்கு அருமையான பெயர். ஆனால் தேயிலைத் தோட்டத்தை ‘அணி’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

நிலப்பரப்பின் அமைப்பு அங்குள்ள உயிர்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் நிலத்தோற்றச் சூழலியலில் திட்டு, வழித்தடம், மேட்ரிக்ஸ் என்ற மூன்றையும் சேர்த்து நிலைநிறுத்தியவர்கள் ரிச்சர்ட் ஃபோர்மனும் மிஷேல் கோட்ரனும். 1980-களில் அவர்கள் சொன்ன இலக்கணப்படி, ஒரு நிலப்பரப்பில் அதிகம் பரவியிருப்பதும், விட்டுப்போகாமல் தொடர்ந்து கிடப்பதும், அங்கே நடப்பதைப் பெரிதும் தீர்மானிப்பதும் எதுவோ அதுதான் மேட்ரிக்ஸ்.

அதற்கு முன்பே இன்னொரு உவமை ஆழமாகப் பதிந்துவிட்டது. 1967-இல் சூழலியலாளர் மெக்கார்தரும் உயிரியலாளர் வில்சனும் தீவுகளில் உயிரினங்களின் எண்ணிக்கையை விளக்கும் கோட்பாட்டை வெளியிட்டார்கள். காட்டுத் துண்டும் ஒரு தீவுதானே என்று பலரும் அதை அப்படியே பொருத்தினார்கள். தீவு என்றால் சுற்றிலும் கடல். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, வாழ முடியாத வெறுமை. பனாமாவில் இது உண்மையாகவே நடந்தது. கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது, மலையுச்சியாக இருந்த பாரோ கொலராடோ, கட்டூன் ஏரிக்கு நடுவே தீவாகிப்போனது. அந்த ஏரியில் ஆய்வாளர்கள் காட்டுப் பறவைகளைப் படகில் கொண்டுபோய்க் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் விட்டுப் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவு நெஞ்சை உலுக்குவது: சில இனங்கள் சர்வசாதாரணமாகக் கரை சேர்ந்தன, சில இனங்களோ 100 மீட்டரைக்கூடக் கடக்க முடியாமல் தண்ணீரில் விழுந்தன. இறக்கை இருந்தால் போதும், பறவை எங்கும் போய்விடும் என்று நாம் நினைப்பது காட்டின் அடித்தட்டில் வாழும் பறவைகளுக்குப் பொருந்தாது.

தரையில் சூழ்ந்திருப்பது தண்ணீர் அல்ல என்பதை பிரேசிலின் அமேசான் காட்டில், மனவுஸ் நகருக்கு வடக்கே கண்டார்கள். 1979-இல் உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வு அது. மாட்டுப்பண்ணைக்காகக் காடு வெட்டப்பட்ட இடத்தில் 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளை விட்டுவைத்து அவற்றைக் கவனித்தார்கள். படையெறும்புகளின் பின்னாலேயே போய், அவை கிளப்பிவிடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பறவைகள் சிறு துண்டுகளிலிருந்து சீக்கிரமே காணாமல் போயின. அப்புறம் சில மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டன. வெட்டியதோடு விட்ட இடத்தில் செக்ரோப்பியா மரங்கள் மளமளவென்று உயர்ந்தன. எரித்து, மாடு மேய்த்த இடத்தில் விஸ்மியா புதர் மண்டியது. செக்ரோப்பியா சூழ்ந்த துண்டுகளுக்கு எறும்புப் பறவைகள் திரும்பி வந்தன. விஸ்மியா சூழ்ந்தவற்றுக்கு அப்படி வரவில்லை. சுற்றிலும் முளைத்தது என்ன என்பதில்தான் வேறுபாடு.

நமக்குப் பக்கத்தில் இதைப் பார்க்க வால்பாறை போக வேண்டும். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலை, இடையிடையே காப்பி, ஏலம், யூக்கலிப்டஸ். சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் காப்புக்காடுகள். தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டுத் திட்டுகள் நிற்கின்றன. விடிகாலையில் ஒரு திட்டின் ஓரத்தில் நின்று பாருங்கள். துடுப்புவால் கரிச்சான் குரல் கொடுக்க, பல இனப் பறவைகள் கலந்த இரைதேடும் கூட்டம் மரத்துக்கு மரம் தாவி ஓரம் வரை வரும். அதற்கு மேல் இடுப்பளவு தேயிலை, கவாத்து செய்த சில்வர் ஓக். கூட்டம் ஓரத்தோடு ஒட்டியே நகர்ந்து மறுபடி உள்ளே போய்விடும். வெட்டவெளிக்குப் பழகிய செம்மீசைச் சின்னானும் குண்டுகரிச்சானும்தான் தேயிலைப் பக்கம் தெரியும்.

இதையே காப்பித் தோட்டத்தை ஒட்டிய திட்டில் பாருங்கள். காப்பிச் செடிக்கு மேலே பழைய காட்டு மரங்களை நிழலுக்காக விட்டிருப்பார்கள், அத்தி பழுத்திருக்கும். நீராவி எஞ்சின் மாதிரி இறக்கை இரைய, பெரிய இருவாச்சி அங்கே வந்து இறங்கும். பொந்துக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெட்டைக்குப் பழம் சேர்க்கும் ஆணுக்கு இந்த நிழல்மரங்கள் இரைக்களம். ஆனாலும் காப்பியும் ஏலமும் காடாகிவிடாது. கீழே உள்ள புதரையும் நாற்றுகளையும் வெட்டிவிடுவதால், தரையோடு வாழும் பறவைகளுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. உச்சிக்கிளைப் பறவைக்கு வாசல் திறந்திருக்கிறது, அடித்தட்டுப் பறவைக்குப் பாதி சாத்தியிருக்கிறது.

சரி, இப்படிப்பட்ட நிலத்துக்கு என்ன பெயர் வைப்பது? ‘தாய்நிலம்’ என்று வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும். வால்பாறையில் தாய் காடுதான், தேயிலை பிறகு வந்தது. ‘பின்னணி’ என்றால் ஒன்றும் செய்யாமல் கிடப்பது போல ஒலிக்கிறது. ‘சூழல்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் ‘மிளை’ என்றொரு அழகான சொல் உண்டு, கோட்டையைச் சூழ்ந்த காவற்காடு என்று பொருள். அங்கே காடு சூழ்கிறது. இங்கே காடு சூழப்பட்டிருக்கிறது. அதனால் அதுவும் ஆகாது.

நான் ‘சூழ்நிலம்’ என்று எழுதுகிறேன். எளிமை ஒரு காரணம், இலக்கணம் இன்னொன்று. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: சூழ்ந்த நிலம், சூழ்கின்ற நிலம், சூழும் நிலம் என்று முக்காலத்துக்கும் விரியும். மேய்ச்சல் நிலம் செக்ரோப்பியாக் காடானது. காப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டால் நாளைக்கே கதை மாறும். இந்த மாறும் தன்மை ‘கடல்’ என்ற உவமையில் இல்லை.

எழுதும்போது இப்படிப் பயன்படுத்தலாம்: ‘இரண்டு திட்டும் ஒரே பரப்பு. ஒன்றின் சூழ்நிலம் தேயிலை, இன்னொன்றின் சூழ்நிலம் நிழற்காப்பி. இருவாச்சி இரண்டாவதில் இறங்குகிறது.’