கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். நாலாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குப் போன வருடம் மைனஸ் 1, இப்போது மைனஸ் 2. கண்ணாடி போட்டதால்தான் ஏறியது, கழற்றி வையுங்கள் என்கிறார்களாம் அக்கம்பக்கத்தில். தங்கச்சிக்கும் வந்துவிடுமோ என்று வேறு பயம்.

கழற்ற வேண்டாம். பவரை ஏற்றுவது கண்ணாடி அல்ல, கண்ணின் வளர்ச்சி. பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. நீளமுள்ள கண், வளர்ந்தவரிடம் 23, 24 மி.மீ. ஆகிறது. அதற்கு மேலும் நீண்டால் தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்து, தூரத்தில் இருப்பது மங்கும். மைனஸ் பவர் வேண்டிய இந்த நிலைதான் கிட்டப்பார்வை. 1 மி.மீ. கூடினாலே ஏறத்தாழ மைனஸ் 2.5 ஆகிவிடும்.

சரி, எங்கே நிற்பது என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கோழிக்குஞ்சுகளின் கண்முன்னே வில்லைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். குழிவில்லை வைத்தால் விம்பம் விழித்திரைக்குப் பின்னால் போகும். சில நாட்களில் கண் நீண்டு அதை எட்டிப் பிடித்தது. குவிவில்லை வைத்தபோது வளர்ச்சி தளர்ந்தது. விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தக்குழாய்ப் படலம் தடித்து விழித்திரையை முன்னே தள்ளியது. 1987இல் ஜோஷ் வால்மன் குழுவினர் பார்வையின் ஒரு பாதியை மட்டும் மறைத்தார்கள். கண்ணிலும் அந்தப் பாதிக்குரிய பகுதி மட்டுமே நீண்டது! கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பை வெட்டிய பிறகும் கண் இப்படி வளர்ந்தது. விம்பம் முன்னே விழுகிறதா பின்னே விழுகிறதா என்று மூளையைக் கேட்காமலே விழித்திரை கணித்து, கண்ணின் வெளிச்சுவருக்கு இரசாயனச் செய்தி அனுப்புகிறது. கோழிக்குஞ்சை ஆராயவா இவ்வளவு பணம் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். பவர் ஏறுவதை மெதுவாக்கும் இன்றைய விசேட வில்லைகள், விம்பத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே விழித்திரைக்கு முன்னால் விழவைப்பவை. அந்த யோசனை இத்தகைய சோதனைகளில் பிறந்தது.

வளர்ச்சியைத் தடுக்கும் செய்தியில் டோபமின் என்ற இரசாயனத்துக்கும் பங்கு உண்டு. பிரகாசமான ஒளி அதைச் சுரக்கவைக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே வேப்பமர நிழலில்கூடப் பல ஆயிரம். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாக வைத்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5.

நம் திருகோணமலையில் வெயிலுக்கும் கடற்கரைக்கும் குறைவில்லை. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை என்று, பள்ளி விட்டதும் பிள்ளையை ரியூசனுக்குள் அடைத்து, இருட்டும்போது வெளியே விடுகிறோம். இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. வகுப்பைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்தால் என்ன?

வெளியே விளையாடுவது முக்கியமாகக் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடும். ஆகவே தங்கச்சிக்குத்தான் அதில் லாபம் அதிகம்; தினமும் இரண்டு மணி நேரம் விடுங்கள். அண்ணனுக்கு அது மட்டும் போதாது. ஒருமுறை நீண்ட கண் திரும்பச் சுருங்காது, கண் பயிற்சியும் கரட்டும் அதை மாற்றாது. பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுப்பதும் உதவாது: 2002இல் வெளியான மலேசிய ஆய்வில் அப்படிக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. முழுப் பவர் கண்ணாடியே போடட்டும். சிறு வயதில் தொடங்கினால் பெரிய பவர் வரை போகும். பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்தும் கூடும். அதனால் காத்திருக்காமல், குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்தோ விசேட வில்லையோ பொருந்துமா என்று கண் டொக்டரிடம் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது பவரோடு கண்ணின் நீளத்தையும் அளக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.